மூன்றாம் நம்பர் வண்டிக்கு எண்ணெய் போட்டது நான்

1. சேறு கழுவினால் போகும்

சிங்கப்பூரில் கிராஞ்சி பக்கம் அந்த ஏடிவி இடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு அறுபத்து மூன்று வயது. அதற்கு முன்னால் இருபது வருடம் ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங். புது ஆள் யார் வந்தாலும் சூப்பர்வைசர் என் மாடிக்குத்தான் கூட்டிக்கொண்டு வருவார், சுத்தம் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று காட்ட. அதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஏடிவி தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நாலு தடித்த சக்கரம், மோட்டார் சைக்கிள் மாதிரி ஹேண்டில், குதிரை மேல் உட்காருகிற மாதிரி உட்கார வேண்டும். ரோட்டுக்கு இல்லை. சேறு, மேடு, பள்ளம், லாலாங் புல் இதற்குள் ஓட்டுவதற்கு. லீவு நாளில் ஜனங்கள் குடும்பத்தோடு வந்து ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு, முகமெல்லாம் செம்மண்ணோடு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். எங்களிடம் எட்டு வண்டி இருந்தது.

பாஸ் பெயர் ரவி. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர், நாற்பத்தைந்து வயது இருக்கும். முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ஆன்ட்டி, இங்க ஹெல்மெட் கழுவணும், பூட்ஸ் கழுவணும், வண்டி கழுவணும். எல்லாம் சேறு லா. ஹோட்டல் மாதிரி இருக்காது. முடியுமா?"

"சேறு கழுவினா போயிடும் தம்பி. ஹோட்டல் ரூம்ல மனுஷங்க விட்டுட்டுப் போறது சில சமயம் கழுவினாலும் போகாது" என்றேன்.

சிரித்துவிட்டு, நாளைக்கே வாங்க என்றார்.

மெக்கானிக் கதிரேசன். பட்டுக்கோட்டைப் பக்கம். வொர்க் பெர்மிட்டில் வந்தவர். எட்டு வருடம் கப்பல் பட்டறையில் கிரைண்டிங் பிடித்துக் காது பாதி மந்தம். என்ஜின் வேலை தெரிந்தும் அங்கே யாரும் கொடுக்கவில்லை. இங்கே வந்த பிறகுதான் கையில் ஸ்பேனர் பிடிக்கிற வேலை. மூத்த பெண் நர்சிங் படிப்பில் சேர்ந்திருந்தாள். பாஸ் பெர்மிட்டை ரத்து செய்தால் மறுவாரமே ஊருக்குப் போக வேண்டிய நிலை. எனக்கு அப்படி இல்லை. நான் இந்த ஊர்ப் பிரஜை. தேக்காவில் பஃபலோ ரோட்டில் எனக்கு வீடு. வேலை போனால் வேலை போச்சு, அவ்வளவுதான். எங்கள் இருவருக்கும் இருந்த வித்தியாசத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

முதல் நாளே கதிரேசன் என்னை ஒரு வண்டியில் ஏற்றினார்.

"ஓட்டித் தெரிஞ்சுக்குங்கக்கா. அப்பத்தான் கழுவும்போது எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாதுன்னு புரியும். வலது கட்டைவிரலால இதை அமுக்குனா ஓடும். விட்டா நிக்கும். ரெண்டு கையிலயும் பிரேக்கு."

"இந்த வயசுல எனக்கு எதுக்குய்யா?"

"வயசு வண்டிக்குத் தெரியாதுக்கா."

ஒரு வாரத்தில் ஓட்டினேன். ஏர் ஃபில்டரில் தண்ணீர் பீச்சாதே, ஒயர் முடிச்சில் பீச்சாதே, சூடாக இருக்கும் என்ஜினில் பீச்சாதே என்று ஒவ்வொன்றாகக் காட்டிக் கொடுத்தார். எண்ணெய் போடாதே என்று மட்டும் சொல்லவில்லை. போடுவதற்கு ஒரு ஆள் வருவாள் என்று அவருக்கு எப்படித் தோன்றும்.

2. வருகிறவர்கள்

ஞாயிற்றுக்கிழமைகளில் சில கம்பெனிக்காரர்கள் தங்கள் கட்டுமான ஆட்களை வேனில் கூட்டிக்கொண்டு வருவார்கள். வருடத்தில் ஒரு நாள், உற்சாகத்துக்காக. அப்படி வந்த ஒருவர் ஹெல்மெட்டே வேண்டாம் என்றார்.

"ஊர்ல டிராக்டர் ஓட்டுனவன்க்கா நான். இது என்ன, பொம்மை வண்டி."

கதிரேசன் அவர் தலையில் ஹெல்மெட்டை வைத்துப் பட்டையை இறுக்கினார். "டிராக்டர் மேயும்ணே. இது துள்ளும்."

பத்தாவது நிமிஷம் அந்த மனிதர் இடுப்பளவு குட்டையில் நின்றுகொண்டிருந்தார். கூட வந்தவர்கள் சிரித்த சிரிப்பு ஷெட் வரை கேட்டது. "டிராக்டரு, நாத்து நட்டாச்சா?" என்று போகிற வரைக்கும் அவரை விடவில்லை. அவரும் சிரித்துக்கொண்டேதான் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். உள்ளே இருந்து இரண்டு குவளைத் தண்ணீர் கொட்டியது.

சென்னையிலிருந்து சுற்றுலா வருகிறவர்கள் துப்பட்டாவோடு வருவார்கள். எல்லாவற்றையும் கழற்றி வாங்கி, மடித்து, பெயர் சொல்லித் திருப்பிக் கொடுப்பேன். கொண்டை போட்டவர்களுக்கு ஹெல்மெட் இறங்காது. நானே பின்னிவிடுவேன். ஒவ்வொரு ஹெல்மெட்டின் உள் பஞ்சையும் தினம் கழற்றி அலசிக் காய வைத்தேன். வேறு எந்த இடத்திலும் அப்படிச் செய்யமாட்டார்கள் என்று வந்தவர்களே சொன்னார்கள். கதிரேசன் கேலி செய்வார், "அக்கா கழுவுற கழுவுக்கு வண்டியோட நம்பரே அழிஞ்சிடும்."

நாலு வருடம் இப்படிப் போனது. ஒரு ஆளுக்கும் பெரிய காயம் இல்லை.

3. துரு

ஆயுத பூஜை அந்த வருடம் சனிக்கிழமையில் வந்தது. முந்தின நாள் வெள்ளிக்கிழமை சாயங்காலமே எட்டு வண்டியையும் கழுவினேன். பாஸ் வந்து பார்த்தார்.

"நாளைக்குப் படம் எடுத்து நம்ம பேஜ்ல போடணும் ஆன்ட்டி. மூணாம் நம்பரை முன்னாடி நிறுத்துங்க, அதுக்கு மாலை. பளபளன்னு இருக்கணும்."

பிறகு கதிரேசனிடம் சொன்னார். "காலையில பூஜை, உடனே பத்து மணிக்கு குரூப். செக்கிங் இப்பவே முடிச்சு ஷீட்ல நாளைக்குன்னு சைன் பண்ணிடு."

தினமும் காலையில் கதிரேசன் ஒவ்வொரு வண்டியையும் கொஞ்ச தூரம் ஓட்டி, பிரேக் பிடித்து நிறுத்திப் பார்ப்பார். அதன் பிறகுதான் ஷீட்டில் கையெழுத்து. அன்றைக்கு மட்டும் நான் கழுவுவதற்கு முன்னாலேயே சாயங்காலம் ஓட்டிப் பார்த்து, மறுநாள் தேதி போட்டுக் கையெழுத்து வைத்தார். அவருக்கு அது பிடிக்கவில்லை. தலையைச் சொறிந்தார். ஆனால் பாஸ் சொன்னது.

சனிக்கிழமை காலை ஆறரைக்கு நான் வந்துவிட்டேன். மாலை, சந்தனம், எலுமிச்சம்பழம், பூசணிக்காய் எல்லாம் தேக்காவிலிருந்து முந்தின நாளே வாங்கி வைத்திருந்தேன். ஒரு புட்டித் தேங்காய் எண்ணெயும் கொண்டுவந்தேன். வெயிலில் வெளுத்துப்போன கறுப்பு பிளாஸ்டிக்கில் எண்ணெய் தொட்டுத் துடைத்தால் புதிதாகிவிடும். அது கதிரேசனுக்கும் தெரியும்.

மூன்றாம் நம்பரைத் துடைத்துக்கொண்டே குனிந்தபோது சக்கரத்துக்குள்ளே பார்த்தேன். அங்கே வட்டமாக ஒரு இரும்புத் தகடு இருக்கும். அதில் முழுக்க செம்மஞ்சளாகத் துரு. ராத்திரி ஈரத்தில் பூத்த துரு. அது எப்போதும் வருகிற துருதான், வண்டி ஓடி இரண்டு முறை பிரேக் பிடித்தால் தானாகப் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. தினம் காலையில் நான் வருவதற்கு முன்னால் கதிரேசன் ஓட்டிப் பார்த்துவிடுவதால் அந்தத் துரு என் கண்ணில் பட்டதே இல்லை.

பூஜை நாளில், மாலை போடுகிற வண்டியில் துருவா. எனக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் தோசைக்கல் துருப்பிடித்தால் என்ன செய்வோம். அரிவாள்மனை துருப்பிடித்தால் என்ன செய்வோம். எண்ணெய் போட்டுத் துடைப்போம். அதைத்தான் செய்தேன். முன் சக்கரம் இரண்டும், பின்னால் ஒன்றும். துணியை எண்ணெயில் நனைத்து, விரலை உள்ளே விட்டு, தகடு கண்ணாடி மாதிரி மின்னும் வரைக்கும் துடைத்தேன். நாலாம் நம்பருக்குப் போவதற்குள் பாஸ் தேங்காய் உடைக்கக் கூப்பிட்டுவிட்டார். அதனால் மற்ற ஏழு வண்டிகள் தப்பின.

யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை. நானும் யாரையும் கேட்கவில்லை. சுத்தம் பண்ணுவதைப் பற்றி நான் யாரைக் கேட்கப் போகிறேன்.

4. மாலை போட்ட வண்டி

பத்து மணிக்கு வந்தது பொங்கோலிலிருந்து ஒரு குடும்பம். ஐந்து பேர். அதில் மாலதி என்ற பெண், நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பின்னல் போட்டுவிட்டபோது பேசிக்கொண்டே இருந்தாள்.

"மாமியார் படுக்கையில இருக்காங்க ஆன்ட்டி. ஆறு வருஷமா நாங்க எங்கயும் போகல. இன்னைக்கு நாத்தனார் வந்து பார்த்துக்கிறாங்க. இதுதான் எனக்கு ஹாலிடே. பாலி இல்ல, பாரிஸ் இல்ல, கிராஞ்சி."

"கிராஞ்சியில பாரிஸ்ல இல்லாத சேறு இருக்கும்மா" என்றேன்.

வரிசையில் நின்ற வண்டிகளைப் பார்த்துவிட்டு, "எனக்கு அந்த மாலை போட்ட வண்டி வேணும். சாமி வண்டி" என்றாள்.

"எடுத்துக்கோ. அதுதான் இருக்கறதுலயே சுத்தமான வண்டி."

இந்த வாயால் சொன்னேன்.

மாலையை எடுத்தோம். எல்லாச் சக்கரத்தின் கீழும் வைத்த எலுமிச்சம்பழம் நசுங்க வண்டிகள் நகர்ந்தன. கதிரேசன் முன்னால் போனார். கிளம்புவதற்கு முன் எல்லா வண்டியின் பிரேக் பிடியையும் கையால் அமுக்கிப் பார்த்தார். பிடி கெட்டியாகத்தான் இருந்தது. எண்ணெய் பிடியில் தெரியாது. பாஸ் கடைசி வண்டியில் போனார்.

முதலில் சமதளம். அங்கே பிரேக்குக்கு வேலை இல்லை. கட்டைவிரலை எடுத்தாலே வண்டி மெதுவாகும். அதைத் தாண்டினால் ஒரு இறக்கம், அடியில் வளைவு, வளைவுக்கு அப்பால் சிமெண்ட் லோங்காங். மழைத்தண்ணீர் ஓடுகிற பெரிய வாய்க்கால் அது.

வாக்கி-டாக்கியில் பாஸ் குரல் வந்தது. "ஆன்ட்டி, ஆம்புலன்ஸ் கூப்பிடுங்க. ஸ்லோப்புக்கு வாங்க. பெட்ஷீட் ஏதாவது கொண்டு வாங்க."

கூப்பிட்டுவிட்டு, ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு நானே ஓட்டிப் போனேன். வண்டி லோங்காங்கில் தலைகீழாகக் கிடந்தது. மாலதி கரையில் பாதி, உள்ளே பாதி. வலது கால் பார்க்க முடியாத மாதிரி மடங்கியிருந்தது. கதிரேசன் உள்ளே இறங்கி அவள் தலையை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவள் அழவில்லை. திரும்பத் திரும்ப ஒன்றே சொன்னாள். "நான் பிடிச்சேன். ரெண்டு கையாலயும் பிடிச்சேன். நிக்கல."

5. கழுவினேன்

அவளைக் கொண்டுபோன பிறகு வண்டியைக் கயிறு கட்டி ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தோம். பாஸ் மருத்துவமனைக்குப் போய்விட்டார். கதிரேசன் முன் சக்கரத்தைக் கழற்றினார். நான் பக்கத்தில் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் அந்தத் தகட்டைத் தொட்டார். விரலோடு விரலைத் தேய்த்தார். மூக்கருகே கொண்டு போனார்.

பிறகு என்னைப் பார்த்தார்.

"வழுக்குதுக்கா" என்றார். "பிரேக்குக் கட்டை வந்து பிடிக்கிற இடம் இது."

அவ்வளவுதான் சொன்னார். அந்த நிமிஷம் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அவர் காத்துக்கொண்டு நின்றார். நான் குழாயை மூடப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்து போய்விட்டேன். குழாய் திறந்தே இருக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இத்தனை வருடமாக என்னையே கேட்டுக்கொள்கிறேன். வேலை போய்விடும் என்ற பயம் இல்லை. பாக்கியம் ஆன்ட்டி சுத்தம் பண்ணினால் ஒரு குறை இருக்காது என்று எல்லோரும் சொன்ன அதே வாயிலிருந்து, பாக்கியம் ஆன்ட்டி சுத்தம் பண்ணியதில்தான் ஒருத்தி கால் ஒடிந்தது என்று கேட்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை இடம் மூடியிருந்தது. திங்கட்கிழமை இன்சூரன்ஸிலிருந்து ஒரு சீனரும் ஒரு பெண்ணும் வந்தார்கள். பிரேக்குக் கட்டையைக் கழற்றிப் பார்த்தார்கள். எண்ணெய் ஊறியிருந்தது. எங்கிருந்தோ கசிந்திருக்கிறது, மெக்கானிக் கவனிக்கவில்லை என்று அந்த மனிதர் கூட வந்த பெண்ணிடம் சொன்னார். ஷீட்டை எடுத்தார். தேதி பார்த்தார். "இவர்தான் சைன் பண்ணியிருக்கிறாரா?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். கதிரேசன் தலையாட்டினார். முந்தின நாளே கையெழுத்துப் போடச் சொன்னது பாஸ்தான் என்று கதிரேசன் சொல்லவில்லை. பாஸும் சொல்லவில்லை.

கடைசியில் அந்தப் பெண் என்னைக் காட்டி ஏதோ கேட்டாள். பாஸ் தமிழில் சொன்னார், "ஆன்ட்டி, இந்த வண்டிக்கு நீங்க எதாவது செஞ்சீங்களான்னு கேக்குறாங்க."

கதிரேசன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கழுவினேன்" என்றேன்.

எழுதிக்கொண்டாள். கதிரேசன் மறுபடி குனிந்துகொண்டார்.

6. நாலாம் நாள்

செவ்வாய்க்கிழமை காலை பாஸ் என்னிடம் டீயை நீட்டிக்கொண்டே சொன்னார், கதிரேசன் பெர்மிட்டை ரத்து பண்ணப் போகிறோம், வேறு வழி இல்லை, இந்தக் குறிப்போடு போனால் இனி இந்த ஊரில் இந்த வேலை கிடைப்பது கஷ்டம்தான் என்று. அப்போதுதான் என் வாய் திறந்தது. தேங்காய் எண்ணெய், துரு, துணி எல்லாவற்றையும் சொன்னேன்.

பாஸ் போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"ரிப்போர்ட் போயாச்சு ஆன்ட்டி."

"மாத்தி எழுதுங்க."

"என்னன்னு? பூஜைக்கு பிரேக்குல எண்ணெய் போட்டோம், அதுல கஸ்டமரை ஏத்துனோம்னா? இடத்தையே மூடிடுவாங்க. உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் இல்ல. அவனுக்கும்தான் இல்ல. நேத்து கேட்டப்பவே சொல்லியிருந்தா வேற லா."

அன்றைக்கே ஹெல்மெட் எல்லாம் துடைத்து அடுக்கிவிட்டு வேலையை விட்டேன். அதை ஒரு தண்டனை என்று சொல்லமாட்டேன். எனக்கு வீட்டில் சோறு இருந்தது.

புதன்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். மாலதிக்குத் தொடையில் கம்பி வைத்திருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தாள். வெளியே அவள் கணவரிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. களைத்துப் போயிருந்தார்.

"இதை இப்ப வந்து எங்ககிட்ட சொல்லி நாங்க என்ன பண்றது ஆன்ட்டி? வீட்டுல அம்மா படுக்கையில. இங்க இவ படுக்கையில." பிறகு, "அந்த மெக்கானிக் மேலதான் தப்புன்னாங்க. நான் அவரை ஃபோன்ல ரொம்பத் திட்டிட்டேன். ஒண்ணுமே பேசாம கேட்டுக்கிட்டாரு" என்றார்.

7. பூன் லே

கதிரேசன் தங்கியிருந்த டார்மிட்டரி பூன் லே பக்கம். அவர் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் மத்தியானம் போனேன். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த காப்பிக் கடைக்கு வந்தார். எனக்கு ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். பால் இல்லாத தே ஓ வாங்கி வந்தார்.

"எண்ணெய் போட்டது நான்தான்யா" என்றேன்.

"தெரியும்க்கா. மோந்து பாத்தேனே. நீங்க தலைக்குத் தேய்க்கிற அதே எண்ணெய்."

"தெரிஞ்சும் ஏன்யா சொல்லல?"

அவர் எதிரே உட்கார்ந்துகொண்டார்.

"நான் சொன்னா, தப்பிக்கிறதுக்கு ஒரு வயசானவங்க மேல பழி போடுறான்பாங்க. சைன் வேற என்னோடது. நீங்களா சொன்னா அது வேற. நீங்க சொல்லுவீங்கன்னு பாத்தேன்க்கா. சனிக்கிழமை பாத்தேன். திங்கக்கிழமை அந்தம்மா கேட்டப்பவும் பாத்தேன்."

நான் கோப்பையைத் தள்ளி வைத்தேன்.

"இப்பவே வா. ரெண்டு பேரும் போய்ச் சொல்லுவோம். எந்த ஆபீஸ்னாலும் வரேன்."

"வேண்டாம்க்கா. நீங்க கழுவினேன்னு சொன்னதை எழுதிட்டாங்க. இப்ப மாத்திச் சொன்னா நான் கெஞ்சிக் கூட்டிட்டு வந்தேன்னுதான் நினைப்பாங்க." பிறகு சொன்னார், "காலையில ஒரு தடவை ஓட்டிப் பாத்திருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்கும். அதுவும் இருக்கு."

அது எனக்காகச் சொன்னதா, உண்மையாகவே அப்படி நினைத்தாரா, இன்று வரை எனக்குத் தெரியாது. எழுந்தபோது, பார்த்துப் போங்க, பஸ் அந்தப் பக்கம் நிற்கும் என்று கையைக் காட்டினார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்க எனக்கு என்ன உரிமை.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து ஃபோன் இல்லை.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம் சொல்லத்தான் இதை எழுதினேன். வண்டி கழுவுகிறவர்கள் சக்கரத்துக்குள் இருக்கிற தகட்டை எதைக் கொண்டும் தொடாதீர்கள். துரு இருந்தால் இருக்கட்டும், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எத்தனை வருடம் சுத்தம் பண்ணியவர்களாக இருந்தாலும் கேளுங்கள்.

இன்னொன்று, தப்பாகிவிட்டது என்று தெரிந்த அந்த நேரத்திலேயே வாயைத் திறங்கள். எண்ணெய் போட்டதற்கு எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்ளலாம். சொல்லாமல் இருந்ததற்கு அப்படிச் சொல்ல முடியாது. சனிக்கிழமை மத்தியானம் அந்த ஷெட்டில் சொல்லியிருந்தால் அது ஒரு கிழவி விவரம் தெரியாமல் செய்த தப்பு. செவ்வாய்க்கிழமை சொன்னபோது அது ஒரு மனிதனுடைய பிழைப்பாகிவிட்டது.